வர்ணம் தீட்டிய சிறு உருவங்களை உடையாமல் அனுப்புவது எப்படி

நான் முதன்முதல் வெளிநாட்டுக்கு அனுப்பியது ஒரு மேளக் கச்சேரி. நாதஸ்வரக்காரர் இரண்டு பேர், தவில்காரர் இரண்டு பேர், தாளம் போடும் பொடியன் ஒருவன். ஆளுக்கு ஒரு கட்டைவிரல் உயரம். இரண்டு மாதம் இருந்து வர்ணம் தீட்டினேன். ஒவ்வொன்றையும் பஞ்சில் பொதிந்து, அதற்கு மேல் பபிள் (காற்றுக் குமிழிப் பிளாஸ்ரிக் தாள்) சுற்றி, ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் நெருக்கி அடுக்கி, ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகனுக்கு அனுப்பிவைத்தேன். இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசி வந்தது.

"தம்பி, நாயனம் ரெண்டும் முறிஞ்சுபோச்சு. பஞ்சை எடுக்க வெளிக்கிட்டால் பெயின்ற்றும் சேர்ந்து வருது. தவிலிலை வட்டம் வட்டமாய் ஏதோ அடையாளம் விழுந்திருக்கு."

அண்ணா சொன்ன மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. உருவத்தின் உடம்பை இறுக்கிச் சுற்றியதால் நாயனம் முறிந்தது. பஞ்சின் தும்பு விரல் இடுக்கிலும் வேட்டி மடிப்பிலும் கொளுவிக்கொண்டது. வட்ட அடையாளம் வந்தது, வார்னிஷ் அடித்த மறுநாளே பொதி கட்டியதால். பெட்டியை யாரும் எறிந்திருக்கத் தேவையில்லை. நான் கட்டிய விதத்திலேயே அந்த உருவங்கள் பாதி உடைந்துவிட்டன.

அதற்குப் பிறகு அனுப்பிய ஒவ்வொரு பொதியிலும் நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றுதான்: உருவத்தை அடித்தட்டில், அதாவது அது நிற்கும் பீடத்தில், பிடித்து நிறுத்த வேண்டும், அடித்தட்டுக்கு மேலே இருக்கும் எதையும் எதுவும் தொடக் கூடாது. உடையக்கூடிய பொருளைக் கண்டால் மெத்தென்று எதையாவது சுற்றத்தான் எங்கள் கை போகும். கண்ணாடிக் குவளைக்கு அது சரி. ஈட்டியும் நாயனமும் நீட்டிய கையும் உள்ள உருவத்துக்கு அது ஆகாது. சுற்றிய பொருள் அமுங்கும்போது அந்த அழுத்தம் முழுவதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய துண்டின் மேல்தான் போய் விழும். ஒட்டிய இடமும் அதுதான், முறியும் இடமும் அதுதான்.

முதலில் காய விடுங்கள்

அக்ரிலிக் பெயின்ற் அரைமணி நேரத்தில் கையில் ஒட்டாது. அதனால் காய்ந்துவிட்டது என்று நினைத்துவிடுவோம். தொட்டால் ஒட்டாமல் இருப்பது வேறு, உள்ளே இறுகுவது வேறு. வார்னிஷ் அடித்த பிறகு குறைந்தது ஒரு கிழமை திறந்த தட்டில் தூசி படாமல் விட்டுவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுச் சுவரே வேர்த்துக் கிடக்கும் நாட்களில் நான் இரண்டு கிழமை விடுவேன். எனாமல் பெயின்ற் என்றால் இன்னும் கூட.

இறுகிவிட்டதா என்று பார்க்க இரண்டு வழி உண்டு. உருவத்தை ஒரு மூடிய போத்தலுக்குள் ஒரு இரவு வைத்து, காலையில் மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். பெயின்ற் மணம் வந்தால் இன்னும் ஆகவில்லை. இரண்டாவது, அடித்தட்டின் ஓரத்தில் கண்ணுக்குப் படாத இடத்தில் நகத்தால் மெதுவாக அழுத்துங்கள். பள்ளம் விழக் கூடாது.

வார்னிஷை இரண்டு தடவை அடிப்பது நல்லது. முதலில் பளபளப்பான வார்னிஷ், அது இறுகிய பின் மேலே மங்கலான வார்னிஷ். பளபளப்பானது உரசலைத் தாங்கும், மங்கலானது அதன் மினுக்கத்தை மறைக்கும். ஸ்பிரே வார்னிஷ் என்றால் மழை நாளில் அடிக்கவே வேண்டாம். ஈரக் காற்றில் வெண்படலம் படிந்து கறுப்புத் தலைமயிர் எல்லாம் நரைத்தது போல ஆகிவிடும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஈரம் இல்லை, ஆனால் புழுதி. அப்போது யன்னலைச் சாத்திவிட்டுத் தூரிகையால் பூசுவதே எனக்குச் சரிவருகிறது.

இறுகிய அக்ரிலிக்கும் சூட்டில் கொஞ்சம் இளகும் என்பதை மறக்க வேண்டாம். சித்திரை வெயிலில் கண்ணாடி மூடி நிற்கும் ஒரு வான் வண்டிக்குள் உங்கள் பெட்டி மணிக்கணக்கில் கிடக்கலாம். பபிளின் பிளாஸ்ரிக் நேரடியாகப் பெயின்ற்றின் மேல் இருந்தால் வட்டம் விழுவது இப்படித்தான். வளையும் பி.வி.சி. தாள்களும் உறைகளும் இன்னும் மோசம். அவற்றை மென்மையாக்கச் சேர்த்திருக்கும் பொருள் கசிந்து பெயின்ற்றைப் பிசுபிசுப்பாக்கிவிடும்.

எந்த உருவம் எங்கே முறியும்

வீட்டில் உள்ள உருவத்தைக் கையில் எடுத்து ஒரு நிமிடம் பாருங்கள். பிளாஸ்ரிக் உருவம் பாரம் குறைவு, கொஞ்சம் வளையும், விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிவிடும். ரெசின் வளையாது, வெடுக்கென்று முறியும். குளிரில் இன்னும் கூட. ஈயக் கலவையிலோ வெள்ளீயத்திலோ வார்த்த உருவம் முறியாது, ஆனால் அதன் பாரமே அதற்கு எதிரி. கழன்றால் பக்கத்தில் உள்ளவற்றைச் சுத்தியல் மாதிரி அடித்து நொறுக்கும். ஆகவே உலோக உருவத்தையும் ரெசின் உருவத்தையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

முப்பரிமாண அச்சில் எடுத்த ரெசின் உருவம் உள்ளே கோறையாக (வெறுமையாக) இருந்தால் அடியில் துளை இருக்கிறதா, உள்ளே திரவ ரெசின் தேங்காமல் கழுவப்பட்டதா என்று பாருங்கள். தேங்கிய ரெசின் நாட்பட வெளியே கசியும், சில வேளை உருவத்தையே வெடிக்கவைக்கும். அப்படி ஒன்று இருந்தால் அனுப்புவதற்கு முன் சரிசெய்யுங்கள்.

சுப்பர் குளூவால் மட்டும் ஒட்டிய கையும் ஆயுதமும் இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் ஓர் அடி பட்டால் விட்டுவிடும். வர்ணம் தீட்டத் தொடங்கும் முன்பே ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்த பித்தளைக் கம்பியை உள்ளே விட்டு ஒட்டியிருந்தால் அது வேறு கதை. கம்பி இல்லாத நீண்ட துண்டுகளை, முடிந்தால், ஒட்டாமலே தனியாக அனுப்பிவிடுங்கள். கன்னாதிட்டியில் நகை வாங்கும்போது கிடைக்கும் சின்னப் பெட்டிகளை நான் சேர்த்து வைத்திருக்கிறேன். ஈட்டி, கொடி, குடை எல்லாம் ரிஷூ பேப்பர் மடிப்பில் அதற்குள் போகும். பெறுபவர் அங்கே ஒரு துளி குளூ வைத்தால் முடிந்தது.

நவராத்திரிக் கொலுவுக்கு வைக்கும் மண் பொம்மை இந்தக் கணக்குக்குள் வராது. கையும் காலும் உடம்போடு ஒட்டிய, பருமனான ஒரே துண்டு அது. ரிஷூ பேப்பரில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அதற்கு மேல் பபிள் சுற்றலாம். பத்திரிகைத் தாள் மட்டும் வேண்டாம், அதன் மை பொம்மையின் முகத்தில் ஏறிவிடும்.

அடித்தட்டைக் கட்டுதல்

முழு வேலையும் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. அவசரப்படாமல் ஒரு பின்னேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள்.

ஓர் உள்பெட்டி தேவை. மூடி இறுக்கமாகப் பூட்டும், உள்ளே தெரியும் பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டி எனக்குப் பிடித்தது. சோதிக்கும் அதிகாரி திறக்காமலே பார்க்கலாம். ஆகவும் உயரமான உருவத்தின் உச்சிக்கும் மூடிக்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றராவது இடைவெளி இருக்க வேண்டும். அந்தப் பெட்டியின் அடிக்குள் இறுக்கமாகப் போய் உட்காரும்படி 6 மில்லிமீற்றர் பிளைவூட் துண்டு ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். தளபாடக் கடைகளில் கழிவுத் துண்டு கேட்டால் கொடுப்பார்கள். சாதாரணப் பலகை வேண்டாம். பதப்படுத்தாத மரத்தைப் பொதிக்குப் பயன்படுத்துவதற்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கிறது. பிளைவூட் அதற்குள் வராது.

உருவங்களைப் பிளைவூட்டின் மேல் நிறுத்தி இடம் பாருங்கள். ஒன்றின் வாள் நுனிக்கும் மற்றதன் முதுகுக்கும் இடையில் ஒரு விரல் போய்வர வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு முழுச் சுற்றுத் திருப்பிப் பாருங்கள், எதிலும் இடிக்கக் கூடாது. வழியில் ஏதாவது ஒன்று சுழன்றாலும் பிரச்சினை வராது. பிறகு அடித்தட்டைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள்.

இனிக் கட்டுவதற்கு மூன்று வழி சொல்கிறேன்.

அடித்தட்டில் துளை போடலாம் என்றால் திருகாணிதான் மிக நல்லது. அடித்தட்டின் கீழ்ப்பக்கம் கோறை என்றால் அதை எபொக்சிப் பசையால் நிரப்பி ஒரு நாள் இறுக விடுங்கள். நடுவில் சின்னத் துளை. பிளைவூட்டின் கீழிருந்து திருகாணியை ஏற்றி இறுக்குங்கள். உருவத்தைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் அசையாது.

துளை போட விருப்பமில்லை என்றால் நூலால் கட்டுங்கள். கோட்டுக்கு வெளியே, அடித்தட்டின் விளிம்பை ஒட்டிப் பிளைவூட்டில் நான்கு துளை போடுங்கள். பருத்தி நூலைக் கீழிருந்து எடுத்து, உருவத்தின் காலுக்கு முன்னால் அடித்தட்டின் மேலாகக் கொண்டுபோய், மற்றப் பக்கம் இறக்கிக் கீழே முடிச்சுப் போடுங்கள். இரண்டாவது நூல் காலுக்குப் பின்னால். நூல் காலைத் தொடக் கூடாது, அடித்தட்டை மட்டும் அமுக்க வேண்டும். வீட்டில் தங்கூசி (நைலோன் இழை) இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். முடிச்சு வழுகும், பெயின்ற்றையும் அறுக்கும். அடித்தட்டில் புல்லும் மணலும் ஒட்டி அழகு செய்திருந்தால் நூல் போகும் இடத்தில் ரிஷூ பேப்பரை ஒரு கீறு மடித்து வையுங்கள்.

மூன்றாவது காந்தம். நிறையப் பேர் ஏற்கெனவே அடித்தட்டின் கீழ் சின்ன நியோடிமியம் காந்தம் ஒட்டி வைத்திருப்பார்கள். அவர்களுக்குப் பழைய பிஸ்கட் ரின் போதும். காந்தம் அதன் அடியைக் கவ்விக்கொள்ளும். ஆனால் காந்தம் நேரே இழுத்தால்தான் பலம், பக்கவாட்டில் தள்ளினால் வழுகும். வீட்டில் இருந்து நல்லூருக்குக் காட்சிக்குக் கொண்டுபோகக் காந்தம் மட்டும் போதும். தபாலில் போகும் பெட்டிக்கு அடித்தட்டைச் சுற்றி வெள்ளை ஃபோமில் வளையம் வெட்டி ஒட்டி, வழுகாமல் தடுக்க வேண்டும். ஆகாய மார்க்கமாக அனுப்பும்போது காந்தம் உள்ளே இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பலமான காந்தங்களுக்கு விமானத்தில் கட்டுப்பாடு உண்டு.

புளூ ராக் என்ற ஒட்டுக் களி, இரட்டைப் பக்க ரேப், சூட்டுப் பசை மூன்றையும் நான் விட்டுவிட்டேன். மேசையில் நன்றாகப் பிடிக்கும் இவை வெயிலில் காய்ந்த பெட்டிக்குள் விட்டுவிடும்.

எல்லாம் கட்டியபின் ஒரு வேலை இருக்கிறது. புதியவர்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான். பெட்டி தலைகீழாகப் போனால் உருவங்களோடு சேர்ந்து பிளைவூட்டே எழும்பி மூடியில் மோதும். பிளைவூட்டின் நான்கு மூலையிலும் மூடி வரைக்கும் உயரமான ஃபோம் தூண் வையுங்கள். மூடியைப் பூட்டும்போது அது தூண்களை இலேசாக அமுக்க வேண்டும். அதோடு பிளைவூட் எங்கும் போகாது.

ஸ்பொஞ்சில் பள்ளம் வெட்டி உருவத்தைப் படுக்கவைக்கும் முறையும் இருக்கிறது. கடைகளில் விற்கும் பெட்டிகள் பல அப்படித்தான். கையில் வைத்துத் தூக்கிச் செல்வதற்கு அது நல்லது. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இரவு முழுக்க பஸ்ஸின் அடிப்பகுதியில் கிடந்து அதிர்ந்துகொண்டே போகும்போது ஸ்பொஞ்ச் பெயின்ற்றை உரசிக்கொண்டே இருக்கும். மூக்கு நுனி, தோள், முழங்கால் ஆகிய இடங்களில் பெயின்ற் தேய்ந்து ரெசின் தெரியும். விழுவதால் வரும் சேதத்தைப் பற்றித்தான் எல்லாரும் யோசிப்போம். அதிர்வால் வரும் உராய்வு சத்தமில்லாமல் வேலையைக் கெடுக்கும்.

பெட்டிக்குள் பெட்டி

உள்பெட்டியை ஒரு சிப் பைக்குள் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு சேர்த்து, காற்றை அழுத்தி எடுத்துவிட்டு மூடுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் இதைச் செய்தால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுவீர்கள். வெயில் எறிக்கும் ஒரு நாளின் நடுப்பகலைத் தெரிந்தெடுங்கள்.

வெளிப்பெட்டி புதிதாக, இரட்டை நெளிமட்டையாக இருக்கட்டும். உள்பெட்டியைச் சுற்றி ஆறு பக்கமும் 5 சென்ரிமீற்றர் இடைவெளி தேவை. அந்த இடைவெளிக்குள் பபிளும் கசக்கிய தடித்த தாளும் போகலாம். பெயின்ற் இருப்பது உள்பெட்டிக்குள் என்பதால் இங்கே பபிளால் கெடுதல் இல்லை. றெஜிபோம் (வெள்ளை ஃபோம்) துண்டுகளை அடியிலும் மேலிலும் வைக்கலாம், ஆனால் உடைந்த பொடியை நிரப்பாதீர்கள். அது ஒரு மூலைக்கு ஒதுங்கி மற்ற மூலையை வெறுமையாக்கும். மூடியபின் காதருகே வைத்து ஆட்டுங்கள். எந்தச் சத்தமும் வரக் கூடாது.

பெட்டி பெரிதாவதற்கும் ஒரு விலை உண்டு. பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் பிரித்து வரும் எண்ணை நிறையாக எடுப்பார்கள். 30, 25, 20 என்றால் 3 கிலோ. உள்ளே அரைக் கிலோதான் இருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை. அதனால் உள்பெட்டியைச் சிக்கனமாகத் தெரிவுசெய்யுங்கள், 5 சென்ரிமீற்றரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அவுஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். வைக்கோல், முட்டை மட்டை, பழம் வந்த பெட்டி ஆகியவற்றில் பொதி செய்யக் கூடாது. சந்தையில் எடுத்த அப்பிள் பெட்டி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் வேண்டாம். அழகாக இருக்கட்டும் என்று பனையோலைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பினால் அதையும் படிவத்தில் எழுத வேண்டிவரும்.

ஒரு தரம் விழுத்திப் பாருங்கள்

புதிதாக ஒரு முறையில் கட்டும்போது நல்ல உருவத்தை வைத்துப் பரீட்சை செய்யாதீர்கள். பிழையாகிப்போன ஓர் உருவத்துக்கு ஈர்க்கால் ஒரு ஈட்டி ஒட்டி, அதே மாதிரிக் கட்டி, சீமெந்து நிலத்தில் விழுத்துங்கள். ஐ.எஸ்.ரி.ஏ. 1ஏ என்ற பொதிச் சோதனை முறையில், பாரம் குறைந்த பெட்டியை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து பத்துத் தரம் விழுத்துவார்கள்: ஒரு மூலையில் ஒன்று, விளிம்புகளில் மூன்று, முகங்களில் ஆறு. எங்கள் சாப்பாட்டு மேசையின் உயரம் கிட்டத்தட்ட அதுதான். பத்தாம் தரமும் ஈர்க்கு முறியாமல் நின்றால் நீங்கள் கட்டிய விதத்தை நம்பலாம்.

தபால் கந்தோரில்

வெளிப்பெட்டியை வீட்டில் ஒட்டி மூடிக்கொண்டு போகாதீர்கள். பிறவுண் ரேப்பையும் கத்தரிக்கோலையும் கையில் கொண்டுபோங்கள், உள்ளே என்ன என்று பார்க்கக் கேட்டால் காட்டிவிட்டு அங்கேயே ஒட்டலாம். ஒட்டும்போது நடுக் கோட்டிலும் இரு ஓரங்களிலும், மேலும் கீழும்.

வெளிநாட்டுச் சிறு பொதி 2 கிலோவைத் தாண்டக் கூடாது. அதற்குச் சி.என். 22 என்ற சுங்கப் படிவம், பெரிய பொதிக்குச் சி.என். 23. உள்ளடக்கம் என்ற இடத்தில் வெறுமனே 'பொம்மை' என்று எழுதாமல், கையால் வர்ணம் தீட்டிய ரெசின் அலங்கார உருவம், இத்தனை துண்டு என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதுங்கள். உண்மையான பெறுமதியைப் போடுங்கள். விற்றதை அன்பளிப்பு என்று எழுதக் கூடாது. உண்மையில் அன்பளிப்பு என்றால் பிரித்தானியாவுக்கு 39 பவுண் வரைக்கும் கனடாவுக்கு 60 கனடிய டொலர் வரைக்கும் பெறுபவர் வரி கட்டத் தேவையில்லை.

எனாமல் பெயின்ற், தின்னர், ஸ்பிரே எதையும் பொதிக்குள் வைக்காதீர்கள். தீப்பற்றும் பொருள் விமானத் தபாலில் போகாது, ஒரு சின்னப் போத்தலுக்காக முழுப் பொதியும் நின்றுவிடும்.

சுங்கத்தில் பெட்டியைத் திறப்பவர் உங்கள் உருவத்தை முன்பின் பார்த்திராதவர். கட்டிய நிலையில் ஒரு படம் எடுத்து அச்சடித்து உள்பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுங்கள். 'உருவத்தைப் பிடித்து இழுக்க வேண்டாம், பலகையோடு தூக்கவும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பலகையின் இரண்டு பக்கமும் தூக்குவதற்குத் துணிப் பட்டி ஒன்றைக் கைப்பிடி போல வைத்துவிட்டால் இன்னும் நல்லது. அவர் திறந்து பார்த்து அப்படியே திரும்ப வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

கையில் கொடுத்துவிடுதல்

நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் உறவினர் திரும்பிப் போகும்போது கொடுத்துவிட முடிந்தால் அதைவிட நல்ல வழி இல்லை. உள்பெட்டி மட்டும் போதும், ஆனால் கையில் கொண்டுபோகும் பைக்குள் இருக்க வேண்டும். "சூட்கேஸுக்குள்ளை சீலையளுக்கு நடுவிலை வைக்கிறன், பயப்பிடாதை" என்று மாமி சொல்வார். சூட்கேஸ் எப்படி எறியப்படும் என்பதை அவருக்கு ஆறுதலாக விளங்கப்படுத்துங்கள். பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை வழியாகப் போகிறவர் என்றால் அந்தச் சின்ன விமானத்தில் மேல்தட்டும் சின்னது, பெட்டியின் உயரத்தைக் குறைத்துக் கட்டுங்கள்.

பெறுபவருக்குச் சொல்ல வேண்டியது

பொதி போய்ச் சேரும் முன்பே ஒரு செய்தி அனுப்பிவிடுவேன். மார்கழி, தை மாதங்களில் ரொறன்ரோவிலோ லண்டனிலோ வாசலில் கிடந்த பெட்டியை எடுத்தவுடன் திறக்க வேண்டாம், வீட்டுக்குள் வைத்து மறுநாள் காலையில் திறவுங்கள் என்று. குளிர்ந்த உருவத்தின் மேல் வீட்டின் வெதுவெதுப்பான காற்று பட்டால் பனி படிந்து வேர்க்கும். குளிரில் ரெசின் முறுகிப்போய் இருக்கும் நேரத்தில் கை வைப்பதும் ஆபத்து.

திறக்கும்போது மேல்மூடியை எடுத்து, நான்கு தூணையும் கழற்றி, பலகையோடு வெளியே எடுக்கச் சொல்லுங்கள். நூலைப் பலகையின் கீழ்ப்பக்கத்தில் வெட்ட வேண்டும், மேற்பக்கம் கத்தரிக்கோல் போகக் கூடாது. ஏதாவது கழன்றிருந்தால் பெட்டியைக் கவிழ்க்காமல், உள்ளே இருக்கும் நிலையிலேயே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்த மூலையில் அடி பட்டது, எந்த முடிச்சு இளகியது என்பது அந்தப் படத்தில் தெரியும். விழுந்த துண்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எறியாமல் நகைப் பெட்டிக்குள் போட்டு வைக்கட்டும், அடுத்த முறை வரும்போது ஒட்டிக் கொடுக்கலாம்.